கம்பியில்லா வலையமைப்பு இயக்கிகளில் தொடக்கநேரப் பந்தய நிலை

தொடக்கநேரப் பந்தய நிலை என்பது, கணினி உயிர்பெறும் சில நொடிகளுக்குள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடக்கவேண்டிய இரண்டு வேலைகள், அந்த வரிசைக்கு எந்த உறுதியும் இல்லாமல் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஏற்படும் மென்பொருள் குறையாகும். முந்தவேண்டிய வேலை முந்தினால் எல்லாம் சரியாக நடக்கும். பிந்தவேண்டியது முந்திவிட்டால் சாதனம் இயங்காது. ஆங்கிலத்தில் இதனை ரேஸ் கண்டிஷன் என்பர். வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்புச் சாதனங்களின் இயக்கிகளில் இக்குறை அடிக்கடி காணப்படுகிறது. ஒரு நாள் வைஃபை தானாகவே இணையும்; மறுநாள் வைஃபை இருப்பதாகவே கணினி காட்டாது; அணைத்துப் போட்டால் மீண்டும் வந்துவிடும். இப்படி வந்து வந்து போவதால் இது பெரும்பாலும் வன்பொருள் பழுது என்று தவறாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரை லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, இக்குறை தோன்றும் காரணங்களையும், அதனை வன்பொருள் பழுதிலிருந்து பிரித்தறியும் முறையையும், திருத்தும் வழிகளையும் விளக்குகிறது.

பெயரும் பின்னணியும்

பந்தய நிலை என்ற கருத்து மென்பொருளுக்கு முன்பே மின்சுற்றுகளில் அறியப்பட்டிருந்தது. டேவிட் ஹஃப்மன் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஒரே மூலத்திலிருந்து புறப்படும் இரண்டு மின்குறிப்புகளில் எது முதலில் வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்துச் சுற்றின் விடை மாறினால், அவ்விரண்டும் பந்தயம் ஓடுகின்றன என்று கூறப்பட்டது.

மென்பொருளில் இதன் விளைவு கடுமையாக இருக்கக்கூடும். 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவியால் நோயாளிகள் ஆறு பேர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அதற்கான காரணங்களுள் பந்தய நிலையும் ஒன்று. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தபோது, ஒகையோ மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமின்றி நின்றுபோயிருந்தது. அதற்குக் காரணமும் பந்தய நிலையே என்று பின்னர் கண்டறியப்பட்டது.

வைஃபை இயக்கியில் நேரும் பந்தய நிலை உயிருக்கு ஆபத்தானதன்று. ஆயினும், வீட்டுக்கு ஒரே கணினி உள்ள இடத்தில் அதன் பாதிப்பு சிறியதன்று. நன்றாக இருக்கும் கணினி பழுது என்று ஒதுக்கப்படுவதும், தேவையில்லாத உதிரிப்பாகத்துக்குப் பணம் செலவாவதும் இதனால் நிகழ்கின்றன.

வைஃபை தொடங்கும் படிநிலைகள்

கணினியின் பொத்தானை அழுத்தியது முதல் வைஃபை இணையும் வரை கீழ்க்காணும் வேலைகள் நடக்கின்றன.

1. இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனி நினைவகத்தில் ஏற்றப்படுகிறது.
2. கருனி தாய்ப்பலகையில் உள்ள சாதனங்களையும் யூ.எஸ்.பி. சாதனங்களையும் எண்ணிக் கணக்கெடுக்கிறது.
3. வைஃபை சில்லின் அடையாள எண்ணைக் கண்டதும், யூடெவ் என்னும் நிரல் அதற்குப் பொருத்தமான இயக்கியை ஏற்றுகிறது.
4. இயக்கி, வட்டில் உள்ள நிலைபொருள் கோப்பைக் கேட்டு வாங்கிச் சில்லுக்குள் செலுத்துகிறது. நிலைபொருள் என்பது வைஃபை சில்லுக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓடும் நிரலாகும். பல சில்லுகளில் மின்சாரம் நின்றதும் இது அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாகச் செலுத்தவேண்டும்.
5. சில்லு ‘நான் தயார்’ என்று ஒரு குறுக்கீட்டுக் குறிப்பை அனுப்புகிறது.
6. இயக்கி வலை இடைமுகத்தை உருவாக்குகிறது. டபிள்யூ-லேன்-0 போன்ற பெயர் அதற்குச் சூட்டப்படுகிறது.
7. நெட்வொர்க் மேனேஜர் போன்ற வலையமைப்புச் சேவை அந்த இடைமுகத்தைக் கண்டு, கடவுச்சொல்லைக் கொடுத்து இணைக்கிறது.

தாளில் எழுதும்போது இவை ஏழும் ஒரே நேர்கோட்டில் உள்ளன. கணினியில் அவ்வாறில்லை. நான்காம் படி நடக்க, வட்டில் உள்ள கோப்பு முறைமை அதற்குள் இணைக்கப்பட்டிருக்கவேண்டும். அந்த வேலை வேறொரு பக்கம் தனியாக நடந்துகொண்டிருக்கும். ஏழாம் படிக்கு உரிய சேவையும் தன் போக்கில் தொடங்கிக்கொண்டிருக்கும்.

முற்காலத்து லினக்ஸ் கணினிகளில் சேவைகள் பெரும்பாலும் ஒன்று முடிந்து ஒன்றாகத் தொடங்கின. ஒரே கோர் கொண்ட செயலியும் மெதுவான வன்வட்டும் சேர்ந்து, எவரும் எழுதிவைக்காத ஒரு வரிசையைத் தற்செயலாகக் காத்துவந்தன. 2010-இல் அறிமுகமான சிஸ்டம்-டி, சேவைகளை இணையாகத் தொடங்கியது. பல கோர் செயலிகளும் எஸ்.எஸ்.டி. வட்டுகளும் பரவின. கணினி விரைவாகத் தொடங்கியது. அதுவரை மறைந்திருந்த பந்தய நிலைகளும் வெளிப்பட்டன. ஆகவே ‘பழைய பதிப்பில் நன்றாக வேலை செய்தது’ என்பது பழைய பதிப்பில் குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பந்தய நிலையின் இரு வகைகள்

கண்டறிவதற்கும் திருத்துவதற்கும் எளிதாக, தொடக்கநேரப் பந்தய நிலைகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

உரிமைப் பந்தயம்: ஒரே பொருளை இருவர் கோருவது இது. யார் முந்துகிறாரோ அவருக்கே அது கிடைக்கும். இதனைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒருவரே என்னும் ஒழுங்கு வேண்டும். பழவேற்காடு ஏரியில் பட்டினவர் மீனவர்களிடையே வழங்கிவரும் பாடு முறை இத்தகைய ஒழுங்குக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மீன்பாடு உள்ள இடங்களில் எவர் வேண்டுமானாலும் முந்திச்சென்று வலையிடுவதில்லை. முறை வந்தவருக்கே அந்த இடத்தில் அன்று உரிமை உண்டு. யார் படகு விரைவானது என்பது அங்கே பொருட்டன்று. கணினியியலில் இதனைப் பூட்டு என்பர்.

வரிசைப் பந்தயம்: ஒரு வேலையின் விளைவு மற்றொரு வேலைக்குத் தேவைப்படுவது இது. இங்கே பூட்டு மட்டும் போதாது. பனிக்கட்டி ஏறுமுன் படகு புறப்பட்டுவிட்டால், படகில் வேறு எவரும் ஏறாமல் பார்த்துக்கொண்டதால் பயனில்லை. ‘பனிக்கட்டி ஏறிய பிறகே புறப்பாடு’ என்னும் சார்பு தெளிவாக வகுக்கப்படவேண்டும்.

வைஃபை தொடக்கத்தில் இவ்விரு வகைகளும் உண்டு. எது என்று அறியாமல் திருத்தப் புகுந்தால், குறை வேறிடத்துக்கு நகருமே அன்றி நீங்காது.

பதிவான நிகழ்வுகள்

நிலைபொருளுக்காகக் காத்திருத்தல், 2012

2012 வரை லினக்ஸ் கருனி, நிலைபொருள் கோப்பைத் தானே வட்டிலிருந்து எடுக்காமல் யூடெவ் நிரலிடம் கேட்டுப் பெற்றுவந்தது. அவ்வாண்டில் யூடெவ் செயல்படும் விதத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் ஒரு முடிச்சு விழுந்தது. இயக்கி ஏற்றி முடியும்வரை நிலைபொருள் கோரிக்கையை யூடெவ் கவனிக்காது. நிலைபொருள் கிடைக்கும்வரை இயக்கி ஏற்றி முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க, காலக்கெடு முடிந்த பின்னரே கணினி நகர்ந்தது. அந்தக் கெடுவின் இயல்பான அளவு 60 நொடி. தொலைக்காட்சி ஏற்பிச் சாதனங்களின் இயக்கிகளில் இது முதலில் பெரிதாகப் பேசப்பட்டது. தொடங்கும்போதே நிலைபொருள் கேட்கும் எல்லா இயக்கிகளுக்கும் இது பொருந்தும்.

லினக்ஸ் உருவாக்குநரான லினஸ் டோர்வால்ட்ஸ், நிலைபொருளைக் கருனியே கோப்பு முறைமையிலிருந்து நேரடியாகப் படிக்கும்படி மாற்றினார். 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் இது இடம்பெற்றது. 2014-இல் வெளியான சிஸ்டம்-டி 217-ஆம் பதிப்பில் யூடெவ்வின் நிலைபொருள் பகுதி முற்றிலும் நீக்கப்பட்டது.

பிராட்காம் சில்லுகளுக்கான பி43 இயக்கியில், லாரி ஃபிங்கர் 2012-இல் வேறொரு வழியைக் கையாண்டார். நிலைபொருள் கேட்கும் வேலை, சாதனத்தைக் கண்டறியும் செயற்கூறிலிருந்து எடுக்கப்பட்டு, தனியே ஓடும் பணிவரிசையில் வைக்கப்பட்டது. தொடக்கம் தடைபடுவது நின்றது. ஆனால் நிலைபொருள் கிடைக்காத நிலையில் இயக்கியை அகற்றினால், காத்திருக்கும் பணியை நிறுத்த ஆளில்லாமல் கருனி நிலைகுலையும் குறை பின்னர் தெரியவந்து, அதுவும் திருத்தப்பட்டது. வேலையை இணையாக ஓடவிட்டால், அது முடியாத நிலையில் அகற்றும்போது என்ன ஆகும் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஒரே சில்லுக்குப் பல இயக்கிகள்

பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இயக்கிகள் உள்ளன. பி43 கட்டற்ற இயக்கி, டபிள்யூ.எல். என்பது நிறுவனத்தின் மூடிய இயக்கி. 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே ஒரு திறந்த இயக்கியையும் வெளியிட்டது. இவற்றுடன் எஸ்.எஸ்.பி., பி.சி.எம்.ஏ. என்னும் துணைக்கூறுகளும் சில்லைப் பற்றிக்கொள்ளக்கூடியவை. துணைக்கூறு முந்திவிட்டால் டபிள்யூ.எல். இயக்கிக்குச் சில்லு கிடைக்காது. இது உரிமைப் பந்தயத்துக்குத் தூய எடுத்துக்காட்டாகும். டெபியன் இயங்குதளத்தில் மூடிய இயக்கிக்கான பொதியை நிறுவும்போது, மற்ற இயக்கிகளைத் தடைசெய்யும் பட்டியலும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுவே.

செய்தி முந்திக்கொண்ட ஏ.டி.எச்.9கே இயக்கி

ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏ.ஆர்.9271 சில்லு கொண்ட யூ.எஸ்.பி. வைஃபை கருவிகளை இயக்குவது ஏ.டி.எச்.9கே-எச்.டி.சி. இயக்கி. இது முதலில் சாதனத்துடன் சேவை இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும்; அதன் பின்னரே வரும் செய்திகளை வாங்கிவைக்கும் வரிசைப்பட்டியலையும் அதற்கான பூட்டையும் ஆயத்தம் செய்யும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் சாதனத்திலிருந்து செய்தி வந்துவிட்டால், இன்னும் ஆயத்தமாகாத பட்டியலை இயக்கி தொட முயலும், கருனியே நின்றுவிடும். கூகுள் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அமைப்பான சிஸ்பாட் இதனை வெளிக்கொணர்ந்தது.

சேவை இணைப்பு இல்லாமல் இரண்டாம் வேலையைச் செய்ய இயலாது என்பதால், வரிசையை மாற்றித் திருத்த வழியில்லை. எனவே டெட்சுவோ ஹண்டா என்னும் சப்பானிய நிரலாளர், ‘ஆயத்தம் முடிந்தது’ என்று காட்டும் ஒரு கொடியைச் சேர்த்தார். கொடி ஏறும்வரை வரும் செய்திகள் கண்டுகொள்ளப்படமாட்டா. பல கோர் செயலிகள் எழுத்துவேலைகளை முன்பின்னாகச் செய்யக்கூடும் என்பதால், பட்டியல் முழுமையான பிறகே கொடி மற்ற கோர்களுக்குத் தென்படும்படி நினைவகத் தடுப்பும் இடப்பட்டது.

இன்டெல் சில்லுகளுக்கான இயக்கியில் இதே ஆபத்து முன்கூட்டியே தவிர்க்கப்பட்டுள்ளது. ‘நான் தயார்’ என்னும் செய்தியை எதிர்பார்க்கும் ஏற்பாட்டைப் பதிவுசெய்த பிறகே அவ்வியக்கி நிலைபொருளை ஓடவிடுகிறது. ஓடவிட்ட பிறகு பதிவுசெய்தால், செய்தி முன்னரே வந்துபோயிருக்கக்கூடும்; இயக்கி வராத ஒன்றுக்காகக் காத்துக்கிடக்கும்.

இடைமுகப் பெயர்கள்

ஒரு கணினியில் உள்ளமைந்த வைஃபையும் யூ.எஸ்.பி. வைஃபையும் இருந்தால், முதலில் ஆயத்தமாவதற்கு 0 என்ற எண்ணும் அடுத்ததற்கு 1 என்ற எண்ணும் கிடைக்கும். எது முந்தும் என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறலாம். இதனைத் தவிர்க்க, 2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்-டி 197-ஆம் பதிப்பு முதல், சாதனம் பொருத்தப்பட்டுள்ள இடத்தை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. பழைய பெயரை எழுதிவைத்துள்ள அமைப்புக் கோப்புகள் இதனால் சாதனத்தைக் காணாமல் விடுவதும் உண்டு.

வன்பொருள் பழுதிலிருந்து பிரித்தறிதல்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில், உப்புக்காற்றால் மின்கருவிகளின் இணைப்புகள் துருப்பிடிப்பது இயல்பு. வைஃபை விட்டுவிட்டு வேலை செய்தால் துருவின்மீது ஐயம் எழுவது நியாயமானதே. ஆனால் இரண்டும் வெளிப்படும் விதம் வேறுவேறு. கீழ்க்காணும் கேள்விகள் இரண்டையும் பிரித்துக்காட்டும்.

எப்போது தவறுகிறது? பந்தய நிலை தொடக்கத்தில் மட்டுமே தவறும். ஒருமுறை இணைந்துவிட்டால் நாள் முழுதும் அறுபடாது. துருப்பிடித்த இணைப்பு, ஓடிக்கொண்டிருக்கும்போதும் அறுபடும்.

அசைத்தால் மாறுகிறதா? மடிக்கணினியை நகர்த்தினாலோ யூ.எஸ்.பி. கருவியை லேசாக அசைத்தாலோ இணைப்பு மாறினால் வன்பொருளை ஐயுறவேண்டும். பந்தய நிலைக்கு அசைவு ஒரு பொருட்டன்று.

இயக்கியை அகற்றி மீண்டும் ஏற்றினால் என்ன ஆகிறது? கணினி முழுமையாகத் தொடங்கிய பிறகு, மோட்புரோப் கட்டளையால் இயக்கியை நீக்கி மீண்டும் ஏற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் தவறாமல் வேலை செய்தால் சில்லு நன்றாக உள்ளது என்று கொள்ளலாம். தொடக்கநேர நெரிசல்தான் வேறுபாடு.

சாதனம் கண்ணுக்குத் தெரிகிறதா? தவறிய தொடக்கத்தில் சாதனப் பட்டியலில் சில்லு இடம்பெற்றிருந்தால், மின்னிணைப்பு உள்ளது. பட்டியலிலேயே இல்லாவிட்டால், மென்பொருளைத் தேடுமுன் இணைப்பைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, வைஃபை அணைப்பானால் நிறுத்தப்பட்டுள்ளதா என்று ஆர்.எஃப்.கில் கட்டளையால் பார்த்துவிடவேண்டும். விசைப்பலகையில் தவறுதலாக அழுத்திய ஒரு பொத்தானும் இதே தோற்றத்தைத் தரும்.

கண்டறியும் முறை

முதற்படி: எண்ணுதல்

கணினியை 20 முறை அணைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இணைந்ததா இல்லையா என்று தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். முழுதாக அணைத்துத் தொடங்குவதையும், மறுதொடக்கம் மட்டும் செய்வதையும் தனித்தனியாகக் குறிப்பது நல்லது. மறுதொடக்கத்தில் சில்லின் மின்சாரம் முழுதாக நிற்காமல், பழைய நிலைபொருள் அதிலேயே தங்கியிருக்கக்கூடும். இந்த எண்ணிக்கை இல்லாமல், பின்னர் செய்யும் திருத்தம் பலித்ததா என்று சொல்ல இயலாது.

இரண்டாம் படி: இரு பதிவுகளை ஒப்பிடுதல்

கணினி தன் தொடக்கத்தை நொடிவாரியாகப் பதிவுசெய்கிறது. சிஸ்டம்-டி உள்ள கணினியில் ஜர்னல்-சி.டி.எல். கட்டளை இதனைக் காட்டும். பதிவு வட்டில் நிலையாகச் சேமிக்கப்படும்படி அமைத்துவிட்டால், முந்தைய தொடக்கங்களின் பதிவுகளையும் பார்க்கலாம். தவறிய பதிவை மட்டும் படிப்பதால் பயன் குறைவு. நல்ல பதிவு ஒன்றையும் தவறிய பதிவு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். விளக்கத்துக்காக அமைத்த ஒரு மாதிரி வருமாறு:

நல்ல தொடக்கம்
4.1 நொடி: சில்லு கண்டறியப்பட்டது
4.3 நொடி: இயக்கி ஏற்றப்பட்டது
5.0 நொடி: நிலைபொருள் செலுத்தப்பட்டது
5.4 நொடி: இடைமுகம் உருவானது
6.2 நொடி: வலையமைப்புச் சேவை தொடங்கியது
6.9 நொடி: இணைந்தது

தவறிய தொடக்கம்
4.1 நொடி: சில்லு கண்டறியப்பட்டது
4.3 நொடி: இயக்கி ஏற்றப்பட்டது
5.1 நொடி: வலையமைப்புச் சேவை தொடங்கியது
5.2 நொடி: இடைமுகம் இல்லை, முயற்சி கைவிடப்பட்டது
5.9 நொடி: நிலைபொருள் செலுத்தப்பட்டது
6.3 நொடி: இடைமுகம் உருவானது

தவறிய பதிவில் இயக்கியின் பகுதியில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சில்லும் இயக்கியும் தம் வேலையைச் செய்து முடித்துள்ளன. இடைமுகம் இல்லை என்ற செய்திக்கு ஒரு நொடி கழித்து இடைமுகம் உருவாகியுள்ளது. இரு பதிவுகளிலும் இடம் மாறிய வரிகளே பந்தயம் ஓடுபவை.

பிழை எண்கள் பதிவில் இருந்தால் அவையும் துப்பு தரும். −2 என்பது கோப்பு இல்லை என்பதைக் குறிக்கும். நிலைபொருள் கோப்பு வட்டில் இருந்தும் −2 வந்தால், கோப்பு முறைமை இணையுமுன்பே இயக்கி கேட்டுவிட்டது என்று ஐயுறலாம். −110 என்பது காலக்கெடு முடிந்ததைக் குறிக்கும். −517 பிழையன்று; ‘எனக்குத் தேவையானது இன்னும் வரவில்லை, பிறகு கூப்பிடு’ என்று இயக்கி சொல்வதாகும். 2012-இல் வந்த 3.4 பதிப்பு முதல் கருனியில் இவ்வசதி உள்ளது.

மூன்றாம் படி: வேண்டுமென்றே தாமதப்படுத்துதல்

ஐயத்துக்குரிய இரண்டு வேலைகளைக் கண்டதும், அவற்றுள் ஒன்றை வேண்டுமென்றே சில நொடிகள் தாமதப்படுத்திப் பார்க்கவேண்டும். மேற்கண்ட மாதிரியில் நிலைபொருள் செலுத்துவதைத் தாமதப்படுத்தினால் எப்போதும் தவறவேண்டும். வலையமைப்புச் சேவையைத் தாமதப்படுத்தினால் ஒருபோதும் தவறக்கூடாது. இரண்டு சோதனைகளும் எதிர்பார்த்த விடையைத் தந்தால் காரணம் உறுதியாகிறது. ஒன்று மட்டும் பொருந்தினால் ஊகம் தவறாக இருக்கலாம். 2003-ஆம் ஆண்டு மின்தடைக்குப் பின் எச்சரிக்கை மென்பொருளை ஆராய்ந்தவர்களும் நிரலில் தாமதங்களைப் புகுத்தியே, ஏறத்தாழ எட்டு வாரங்களில் குறையைப் பிடித்தார்கள்.

இயக்கியின் நிரலையே ஆராய்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நிரலுக்குள் கூடுதலாக அச்சுவரிகளைச் சேர்த்தால் அதுவே தாமதத்தை உண்டாக்கி, குறையை மறையச் செய்யக்கூடும். எனவே நேரத்தைக் குறைவாகப் பாதிக்கும் எஃப்-டிரேஸ் போன்ற கருனிக் கருவிகளைப் பயன்படுத்துவது சிறந்தது.

திருத்தும் வழிகள்

உரிமைப் பந்தயமானால், வேண்டாத இயக்கியைத் தடைப்பட்டியலில் சேர்த்து ஒன்றை மட்டும் விட்டுவைக்கவேண்டும். தடைப்பட்டியலை மாற்றியபின், தொடக்கநேர நினைவகக் கோப்பு முறைமையையும் புதுப்பிக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய பட்டியலே தொடக்கத்தில் நடைமுறையில் இருக்கும்.

வரிசைப் பந்தயமானால், சார்பை எழுத்தில் வகுக்கவேண்டும். சிஸ்டம்-டி சேவைக் கோப்பில், குறிப்பிட்ட சாதனம் தோன்றிய பிறகே தொடங்கவேண்டும் என்று குறிப்பிட இடமுண்டு. டெபியன் வகை இயங்குதளங்களின் பழைய இடைமுகக் கோப்பில், ‘ஆட்டோ’ என்ற சொல் தொடக்கத்திலேயே இணைக்க முயலும். ‘அலவ்-ஹாட்பிளக்’ என்ற சொல் சாதனம் தோன்றும்போது இணைக்கும். தொடக்கத்திலேயே நிலைபொருள் தேவைப்படுமானால், அதனைத் தொடக்கநேர நினைவகக் கோப்பு முறைமைக்குள் சேர்த்துவிடலாம்.

‘பத்து நொடி காத்திரு’ என்று ஒரு வரியைச் சேர்ப்பதே பலர் கையாளும் வழி. இது நோய்க்கு மருந்தன்று, வலிக்கு மாத்திரை. கணினி சூடாக இருக்கும் நாளிலோ, வட்டு முதுமையடைந்து மெதுவாகும்போதோ பத்து நொடி போதாமல் போகும். போதும் நாள்களில் ஒவ்வொரு தொடக்கத்திலும் நேரம் வீணாகும். காரணத்தை உறுதிசெய்யும் சோதனைக்கு மட்டும் இதனைப் பயன்படுத்துவதே முறை.

திருத்தம் பலித்ததா என்று சரிபார்த்தல்

திருத்தியபின் நாலைந்து முறை வேலை செய்தது என்று நிறைவடைந்துவிடக்கூடாது. முன்பு ஐந்தில் ஒருமுறை தவறிய கணினி, எதுவும் செய்யாமலே தொடர்ந்து 10 முறை வெற்றிபெற ஏறத்தாழ 11 விழுக்காடு வாய்ப்புண்டு. 0.8 என்னும் எண்ணைப் பத்துமுறை தன்னால் பெருக்கினால் இவ்விடை வரும். 14 முறையானால் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். 20 முறையானால் ஒரு விழுக்காட்டை ஒட்டி வரும்.

எளிய கணக்கு ஒன்று உண்டு. முன்பு எத்தனை தொடக்கங்களுக்கு ஒருமுறை தவறியதோ, அந்த எண்ணை மூன்றால் பெருக்கி, அத்தனை முறையும் தவறாமல் தொடங்கினால் திருத்தத்தை நம்பலாம். ஐந்துக்கு ஒன்று என்றால் 15 முறை. இருபதுக்கு ஒன்று என்றால் 60 முறை. பொறுமை வேண்டும் வேலைதான். முதற்படியில் எண்ணி வைத்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

தமிழ்நாட்டுச் சூழல்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளை அடைந்தன. அவற்றுள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட இந்திய இயங்குதளமாகும். இம்மடிக்கணினிகளில் புதிய லினக்ஸ் பதிப்பை நிறுவி ஆயுளை நீட்டிப்போரும் உள்ளனர். பழைய வன்பொருளில் புதிய கருனியை ஏற்றும்போது வேலைகளின் வேகம் மாறுவதால், அதுவரை தெரியாத தொடக்கநேரப் பந்தய நிலை தலைகாட்டக்கூடும் என்பதை இவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஏரிக்கரை ஊர்களில் கணினி பழுதானால் பழுதுபார்ப்புக் கடைக்குக் கும்மிடிப்பூண்டியோ பொன்னேரியோ செல்லவேண்டியிருக்கும். கடையில் போட்டுக் காட்டும்போது வைஃபை ஒழுங்காக இணைந்துவிடும். வீடு திரும்பியதும் மீண்டும் மறையும். கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால் மறுத்துச் சொல்ல வீட்டாரிடம் எதுவும் இருக்காது. 20 தொடக்கங்களின் எண்ணிக்கையும், இயக்கியை மீண்டும் ஏற்றிப் பார்த்த விடையும், நல்லதும் தவறியதுமான இரு பதிவுகளும் கையில் இருந்தால் நிலைமை வேறு. பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் இவற்றைத் திரட்டிவிட முடியும்.

குறையை அறிவித்தல்

பந்தய நிலை இயக்கியிலேயே இருப்பதாகத் தெரிந்தால், பயன்படுத்தும் இயங்குதளத்தின் பிழைப்பதிவு அமைப்பில் அறிவிக்கவேண்டும். அதில் இடம்பெற வேண்டியவை:

1. சில்லின் பெயரும் அடையாள எண்ணும்
2. கருனியின் பதிப்பு எண், இயக்கியின் பெயர், நிலைபொருளின் பதிப்பு
3. எத்தனை தொடக்கங்களில் எத்தனை தவறின என்னும் எண்ணிக்கை
4. குறைக்காமல் முழுமையாக ஒரு நல்ல பதிவும் ஒரு தவறிய பதிவும்
5. தாமதப்படுத்திப் பார்த்த இரண்டு சோதனைகளின் விடை
6. எந்தப் பதிப்பு வரை இக்குறை தென்படவில்லை என்பது

பதிவுகளில் வீட்டு வைஃபையின் பெயரும் சாதனங்களின் தனி எண்களும் இருக்கும். அனுப்புமுன் அவற்றை நீக்கிவிடவேண்டும். ‘சில நேரம் வைஃபை வருவதில்லை’ என்னும் ஒற்றை வரியைக் கொண்டு எந்த நிரலாளராலும் எதுவும் செய்ய இயலாது. இடம் மாறிய இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டும் அறிக்கை, அதே சில்லு வைத்திருக்கும் முகம் தெரியாத பலருக்கும் பயன்படும்.